திரும்பி வராத குண்டுவீச்சு விமானக் குழு: தேடிக் கண்டறிவதும் நினைவுகூர்வதும் எப்படி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்தனர்; அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தனித்தனியாக இறந்தவர்கள் அல்லர். ஒரே விமானத்தில் ஏறி, ஒரே இரவில், ஏழு பேர் ஏழு பேராக மறைந்தவர்கள். ஆகவே உங்கள் தேடல் ஒரு பழைய புகைப்படத்திலோ, கிராமத்துக் கல்லறையில் கண்ட ஒரு பெயரிலோ தொடங்கினாலும், அது அந்த ஒருவரோடு நின்றுவிடக் கூடாது. அவரோடு பறந்த அனைவரையும் கண்டறிந்து, அவர்களை மீண்டும் ஒரே குழுவாக நிறுத்துவதே இந்த வேலையின் நோக்கம் என்று நான் கருதுகிறேன். அதற்கான வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடக்கம்

முதலில் பெயர், படை எண், இறந்த நாள் ஆகிய மூன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல வீரர்கள் இருந்தனர், ஆனால் படை எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரை இட்டால் பதவி, பணி, ஸ்குவாட்ரன் (விமானப் படையணி) எண், வயது, அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகியவை கிடைக்கும். அதே நாளில் அதே ஸ்குவாட்ரனில் இறந்த மற்றவர்களை அங்கேயே தேடினால் குழுவின் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும். பிறகு லிங்கனில் உள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளத்தைப் பார்க்கலாம். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட அந்தத் தளத்தில், உடன் பறந்தவர்களின் பெயர்களும் விமானத்தின் தொடரெண்ணும் சேர்ந்தே கிடைப்பது பெரிய உதவி.

தொடரெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. பக்கவாட்டில் பெரிதாக எழுதப்பட்ட ஸ்குவாட்ரன் குறியீடு ஒன்று. தொழிற்சாலையிலேயே வழங்கப்பட்ட தொடரெண் மற்றொன்று. 617-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் கை கிப்சன் 1943 மே மாதத்தில் ஓட்டிய லங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானத்தின் குறியீடு ஏஜே-ஜி, தொடரெண் இடி932. ஒரு விமானம் தொலைந்துவிட்டால் அதன் குறியீட்டு எழுத்து சில நாட்களிலேயே புதிதாக வந்த விமானத்துக்குப் போய்விடும். தொடரெண் அப்படி மாறாது. எனவே எந்த ஆவணத்தைத் தேடினாலும் தொடரெண்ணை வைத்துத் தேடுங்கள்; எழுத்தை நம்பி வேறொரு குழுவின் கதையை உங்கள் குழுவின் மேல் ஏற்றிவிடாதீர்கள்.

நாளிலும் இதே எச்சரிக்கை தேவை. தாக்குதல்கள் இரவில் நடந்ததால் இரண்டு தேதிகளைச் சேர்த்து எழுதுவது வழக்கம்: ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர் மீதான தாக்குதல் 1944 மார்ச் 30/31 என்றே குறிக்கப்படும். மாலையில் ஒரு தேதியில் புறப்பட்டவர் நள்ளிரவுக்குப் பின் மறுதேதியில் இறந்திருப்பார். ஆகவே ஒரு பதிவில் முதல் தேதியும் இன்னொன்றில் மறுநாளும் இருந்தால் அதைப் பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இரு தேதிகளையும் வைத்துத் தேடுங்கள். பதவியிலும் வேறுபாடு வரும். சார்ஜெண்டாகப் புறப்பட்ட ஒருவருக்கு அதிகாரிப் பதவி வழங்கும் ஆணை அவர் இறந்த பின்னரே வெளியாகி, கல்லறையில் பைலட் ஆஃபிசர் என்று பொறிக்கப்பட்டிருப்பது அரிதன்று.

படிவம் 541

லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற தொகுதியில் ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் உள்ளன. அவை எண்ணிமப்படுத்தப்பட்டிருப்பதால் நேரில் போகாமலே தரவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பகுதிகள் இருக்கும். படிவம் 540 நாள்வாரியான பொதுக் குறிப்பு. படிவம் 541 ஒவ்வொரு விமானமும் செய்த பணியின் பதிவு. இரண்டையும் எடுக்க வேண்டும், ஆனால் நேரம் செலவிட வேண்டியது இரண்டாவதில்தான்.

அந்தப் பக்கத்தைத் திறந்தால் தட்டச்சு எழுத்தில் கட்டம் கட்டமாக விவரங்கள் இருக்கும்: நாள், விமான வகையும் தொடரெண்ணும், குழுவினரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பணி, மேலெழுந்த நேரம், தரையிறங்கிய நேரம், கடைசியாக நடந்தவற்றின் விவரம். திரும்பி வந்த குழுக்களுக்கு இலக்கின் மேல் மேகம் இருந்ததா, எந்த உயரத்திலிருந்து குண்டு வீசப்பட்டது என்று நான்கைந்து வரிகள் இருக்கும். உங்கள் குழுவுக்கு வரும்போது மேலெழுந்த நேரம் மட்டும் இருக்கும். தரையிறங்கிய நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். விவரப் பகுதியில் புறப்பட்ட பின் செய்தி ஏதும் இல்லை, திரும்பவில்லை என்ற பொருளில் ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முந்தைய மாதங்களின் பக்கங்களில் அதே பெயர்களைத் தேடிக் குறித்தால், எந்தெந்த இரவுகளில் எங்கெங்கே பறந்தனர், எப்போது ஒருவர் உடல்நலமின்றி விடுபட்டு வேறொருவர் அவரிடத்தில் சென்றார், 30 பறப்புகள் கொண்ட வழக்கமான பணிக்காலத்தில் எத்தனையாவது பறப்பில் அவர்கள் மறைந்தனர் என்பதெல்லாம் தெரியவரும். புதிதாக வந்த விமானி தம் குழுவோடு பறப்பதற்கு முன் அனுபவமுள்ள இன்னொரு குழுவோடு இரண்டாம் விமானியாக ஒருமுறை போய்வருவது வழக்கமாக இருந்தது. ஏழு பேர் செல்லும் விமானத்தில் எட்டாவது பெயர் கண்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்தப் பறப்பிலேயே அவர் இறந்திருந்தால், அவருடைய சொந்தக் குழு தலைவனின்றித் தளத்தில் காத்திருந்திருக்கும். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தேடத்தக்கது.

இந்தக் குழுக்கள் உருவான விதத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்தில் விமானிகள், வழி கணிக்கும் நேவிகேட்டர்கள், குண்டு குறிபார்ப்பவர்கள், வானொலி இயக்குநர்கள், துப்பாக்கி வீரர்கள் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் ஒன்றுகூட்டி, தாங்களே பேசிக் குழுவாகச் சேர்ந்துகொள்ளும்படி விட்டுவிடுவார்கள். விமானப் பொறியாளர் மட்டும் பின்னர், கனரக விமானப் பயிற்சியின்போது வந்து சேர்வார். அதாவது, இவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டவர்கள். ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து நினைவுகூர்வது எனக்கு மனம் ஒப்பாததற்கு இதுவே காரணம்.

தமிழ் வாசகர்கள் சென்னை மாகாணத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய 35-ஆம் ஸ்குவாட்ரனின் பதிவேட்டைப் பயிற்சிக்காக எடுத்துப் பார்க்கலாம். ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் பறந்து, 1942 ஆகஸ்ட் முதல் இலக்கை ஒளிக்குறியிட்டுக் காட்டும் பாத்ஃபைண்டர் படையில் சேர்ந்த அணி அது. அதன் டபிள்யூ1048 என்ற ஹாலிஃபாக்ஸ், 1942 ஏப்ரலில் ஜெர்மன் போர்க்கப்பலான டிர்பிட்ஸைத் தாக்கச் சென்றபோது நார்வேயில் உறைந்திருந்த ஓர் ஏரியின் மேல் இறக்கப்பட்டது. குழுவினர் உயிர் பிழைத்தனர். பனிக்கட்டிக்குள் மூழ்கிய விமானம் 1973-இல் வெளியே எடுக்கப்பட்டு, லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

கல்லறைகளின் இருப்பிடம் சொல்வது

குழுவினர் எங்கெங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தால், விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பது ஓரளவு விளங்கும். 1943 மே 16/17 இரவில் ஜெர்மனியின் ரூர் பகுதியின் அணைகளைத் தாக்கச் சென்ற 617-ஆம் ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்வோம். 19 லங்காஸ்டர்களில் 133 பேர் சென்றனர். 8 விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்த 56 பேரில் 53 பேர் இறந்தனர், 3 பேர் சிறைபிடிக்கப்பட்டனர்.

அவற்றில் மூன்று விமானங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹென்றி யங்கின் விமானம் திரும்பும் வழியில் நெதர்லாந்துக் கரையோரத்தில் கடலில் விழுந்தது. ஏழு உடல்களும் கரையொதுங்கி, பெர்கன் ஊர்ப் பொதுக் கல்லறையில் ஏழு பேரும் உள்ளனர். வெர்னன் பையர்ஸின் விமானமும் நெதர்லாந்தை ஒட்டிய கடற்பகுதியில்தான் வீழ்ந்தது. ஆனால் வால் கூண்டுத் துப்பாக்கி வீரரின் உடல் மட்டுமே கிடைத்து ஹார்லிங்கனில் அடக்கம் செய்யப்பட்டது, மற்ற ஆறு பேருக்கும் கல்லறை இல்லை. ஜான் ஹாப்குட்டின் விமானம் மோனே அணைக்கு அருகில் நிலத்தில் வீழ்ந்தது. இருவர் பாராசூட்டில் பிழைத்துச் சிறைப்பட, இறந்த ஐவர் ஜெர்மனியின் ரைன்பெர்க் போர்க் கல்லறையில் உள்ளனர். ஒரே இரவு, ஒரே ஸ்குவாட்ரன். கல்லறைப் பட்டியலோ மூன்று விதமான முடிவுகளைக் காட்டுகிறது.

கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் உள்ளன. 1953-இல் திறக்கப்பட்ட அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் ஆண்டுவாரியாகவும் பதவிவாரியாகவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதனால் ஒன்றாக மறைந்த அதிகாரி விமானியின் பெயர் ஒரு பலகையிலும், அவருடைய சார்ஜெண்டுகளின் பெயர்கள் வேறு பலகைகளிலும் இருக்கும். நேரில் செல்பவர்கள் ஏழு பேரின் பலகை எண்களையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். இல்லையேல் பாதிப் பேரைக் காணாமலே திரும்ப நேரும்.

கல்லறைப் பதிவில் கூட்டுக் கல்லறை என்று இருந்தால், உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண இயலவில்லை என்று பொருள். அத்தகைய இடங்களில் கற்கள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஆணையத்தின் தளத்தில் பெயரோடு இணைக்கப்பட்டிருக்கும் பழைய படிவங்களைத் தவறாமல் பாருங்கள். உடல் முதலில் புதைக்கப்பட்ட ஊரிலிருந்து பெரிய போர்க் கல்லறைக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய இடத்தின் பெயரும் வரைபடக் குறிப்பும் அவற்றில் இருக்கக்கூடும். விமானம் விழுந்த இடத்தை நெருங்க எனக்குத் தெரிந்த நல்ல வழிகளில் இது ஒன்று.

கோப்புகள்

ஒருவர் திரும்பாத மறுநாள் தந்தியும், பின்னர் கடிதங்களும் வீட்டுக்குப் போகும். புதிய செய்தி எதுவும் வராவிட்டால் சுமார் ஆறு மாதங்களுக்குப் பின் அவர் இறந்ததாக அதிகாரப்பூர்வமாகக் கருதப்படுவார். இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தாங்கிய இழப்புக் கோப்புகள் கியூவில் ஏ.ஐ.ஆர். 81 என்ற தொகுதியாகப் படிப்படியாகத் திறக்கப்பட்டு வருகின்றன. உயிர் பிழைத்துச் சிறையிலிருந்து மீண்டவர்கள் நிரப்பிய வினாத்தாள்கள் டபிள்யூ.ஓ. 344-இலும், தப்பி வந்தவர்களின் அறிக்கைகள் டபிள்யூ.ஓ. 208-இலும் உள்ளன.

பலர் தவறவிடும் ஒரு வழியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாம்பர் கமாண்டின் குழுக்களில் பிரிட்டிஷாரோடு கனடியர்கள், ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்தினர் எனப் பலரும் கலந்து பறந்தனர். உங்கள் குழுவில் ஒரே ஒருவர் ஆஸ்திரேலியராக இருந்தாலும் போதும்: ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஏ705 தொகுதியில் அவருக்கான இழப்புக் கோப்பு இருக்கும், அதில் அவரைப் பற்றி மட்டுமன்றி முழுக் குழுவின் கதியும், பிழைத்தவர் இருந்தால் அவருடைய வாக்குமூலமும், போருக்குப் பின் நடந்த விசாரணையின் முடிவும் இடம்பெறுவது வழக்கம். கனடியர் என்றால், போரில் இறந்தோரின் சேவைக் கோப்புகள் கனடாவின் தேசிய நூலகக் காப்பகத்தில் உள்ளன. அமெரிக்கக் குழுக்களுக்கு வழி வேறு. அங்கே 1943 முதல் ஒவ்வொரு விமான இழப்புக்கும் காணாமற்போன குழுவினர் அறிக்கை என்ற தனி ஆவணம் எழுதப்பட்டது.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த 40,000-க்கும் மேற்பட்டோரின் கதி தெரியாமல் இருந்தது. காணாமற்போனோர் தேடல், விசாரணைப் பணி என்ற சிறப்புப் பிரிவினர் ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகச் சென்று, ஊர்த்தலைவரையும் பாதிரியாரையும் கல்லறைக் காவலரையும் விசாரித்து, தேவைப்பட்ட இடங்களில் புதைகுழிகளைத் திறந்து பார்த்தனர். பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்த அடையாள வில்லைகள் அழுத்திய நாரால் ஆனவை. தீயிலும் ஈரத்திலும் அவை நிலைப்பதில்லை. ஆகவே சட்டைக் கழுத்தில் இருந்த சலவைக் குறி, மோதிரம், காலணி, இயந்திரத்தின் எண் போன்ற சிறு தடயங்களைக் கொண்டே பெயர்களை மீட்டனர். அவர்கள் எழுதிய அறிக்கையைப் படிக்கும்போது, உறுதியாகச் சொல்லப்பட்டதையும் அனுமானமாகச் சொல்லப்பட்டதையும் வேறு வேறு வண்ணத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுந்த நிலம்

விமானம் விழுந்த இடம் தெரிந்தவுடன் அங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இராணுவ விமானம் விழுந்த எந்த இடத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமமின்றித் தோண்டுவது குற்றம். மனித எச்சங்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்கக்கூடும் என்றால் பொதுவாக உரிமம் கிடைக்காது. மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டுச் சட்டம் உண்டு. உலோகத் துண்டு ஒன்று தற்செயலாகக் கையில் கிடைத்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளிடம் தெரிவிப்பதே முறை.

முறையாக நடந்த மீட்புகள் எவ்வளவு தர முடியும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியில் 2008-இல் தெரியவந்த ஒரு ஸ்டர்லிங் விமானம் முதலில் பிகே710 என்று கருதப்பட்டது. பின்னர், முதலெழுத்துகள் பொறித்த ஒரு சிகரெட் பெட்டியின் துணையால் அது பிகே716 என்று தெளிவாயிற்று. இடையில் முற்றிலும் வேறொரு குழுவின் பெயர்கள் அந்த இடத்தோடு சேர்த்துப் பேசப்பட்டிருந்தன. விமானம் 2020-இல் வெளியே எடுக்கப்பட்டது. பெல்ஜியத்தின் சதுப்பு நிலமொன்றில் 1944 மே மாதம் வீழ்ந்த எல்டபிள்யூ682 என்ற ஹாலிஃபாக்ஸ் 1997-இல் தோண்டி எடுக்கப்பட்டது. அதற்குள் இருந்த மூன்று பேர், முன்பே அடக்கமாகியிருந்த தம் குழுவினர் உள்ள அதே ஊரில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டனர். அந்த விமானத்தின் அலுமினியம் உருக்கப்பட்டு, 2012-இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறக்கப்பட்ட பாம்பர் கமாண்ட் நினைவகத்தின் கூரையில் சேர்ந்தது.

குடும்பத்தாரிடம் செல்லும்போது

ஏழு குடும்பங்களையும் தேட முயலுங்கள். கல்லறைப் பதிவில் பெற்றோர், மனைவி பெயரும் ஊரும் இருக்கலாம். உள்ளூர்ச் செய்தித்தாள்கள், ஊர் நினைவுத்தூண்கள் வழியாக அங்கிருந்து தொடரலாம். முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: நீங்கள் யார், எதற்காகத் தேடுகிறீர்கள், என்ன தெரிந்துகொண்டீர்கள், பதில் எழுதாவிட்டாலும் பாதகமில்லை. இழப்புக் கோப்புகளில் உடல்கள் கிடைத்த நிலையைப் பற்றிய வரிகள் மறைப்பின்றி இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடக் கூடாது. அத்தகைய விவரமும் உள்ளது, அறிய விரும்புகிறீர்களா என்று முதலில் கேட்டு, அவர்கள் ஆம் என்று சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். அந்த இளைஞர் வேதனையின்றி இறந்தார் என்று ஆறுதலுக்காகச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் நீங்கள் எழுதியது நாளை அந்தக் குடும்பத்தின் வரலாறாகிவிடும்.

பெயரும் பீடும் எழுதுதல்

நினைவுக் கல்லோ பலகையோ நிறுவ விரும்பினால் நில உரிமையாளர், ஊராட்சி, குடும்பத்தார் ஆகியோரின் ஒப்புதலை முதலில் பெற வேண்டும். வாசகத்தில் தேதி, விமான வகை, தொடரெண், ஸ்குவாட்ரன், அனைவரின் பெயர், பணி, வயது ஆகியவை போதும். எழுத்துக்கூட்டலைப் படை எண்ணோடு ஒப்பிட்டு, குறைந்தது இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். பிழைத்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும். அவர்களும் அந்தக் குழுவே.

எரியும் விமானத்தை ஊரின் மேல் விழாமல் விமானி கடைசி நொடியில் திருப்பினார் என்ற கதை பல ஊர்களில் சொல்லப்படும். நன்றியோடு சொல்லப்படும் கதை அது. சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிழைத்த ஒருவரின் வாக்குமூலமோ அக்காலத்துச் சாட்சியோ இல்லாமல் அதைக் கல்லில் பொறிக்கக் கூடாது. ஊரார் இவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்று தனி ஏட்டில் எழுதி வைக்கலாம்.

தரையில் இறந்தவர்களை விட்டுவிடவும் கூடாது. அணைத் தாக்குதலின் வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த சோவியத் நாட்டுப் பெண்கள் அவர்களில் பலர். கிரீன் பார்க் நினைவகத்திலேயே 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகம் உண்டு. உங்கள் குழுவின் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து அங்கிருந்தவர்கள் இறந்திருந்தால், அவர்கள் பெயர்களும் அதே கல்லில் இருப்பதே நியாயம்.

ஆண்டுதோறும் பெயர்களை வாசிக்க விரும்புவோருக்கு ஒரு யோசனை. நிகழ்ச்சியைப் பகலில் வைக்காமல், படிவம் 541-இல் பதிவான மேலெழுந்த நேரத்தில் வைக்கலாம். போர்க்காலத்தில் பிரிட்டனின் கடிகாரங்கள் முன்னுக்கு நகர்த்தப்பட்டிருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் பதவி வரிசையில் படிக்காமல், விமானத்தில் அவர்கள் இருந்த வரிசையில் படிக்கலாம். லங்காஸ்டர் என்றால், மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்திருந்த குண்டு குறிபார்ப்பவர் முதலில். இடப்புற இருக்கையில் விமானி, அவருக்கு வலப்பக்கம் பொறியாளர். திரைக்குப் பின்னால் மேசையோடு நேவிகேட்டர். அடுத்து வானொலி இயக்குநர். மேற்கூண்டுத் துப்பாக்கி வீரர். மற்றவர்களிடமிருந்து வெகு தொலைவில் வால் கூண்டில் தனியே அமர்ந்திருந்தவர் கடைசியில். ஒவ்வொரு பெயரோடும் வயதையும் ஊரையும் சேர்த்து வாசித்தாலும் மொத்தம் இரண்டு நிமிடங்களே ஆகும்.